வண்டிகள் குடித்த கோபம்

இதைக் கேட்டவர்கள் புளுகு என்பார்கள், ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை வியர்க்க வியர்க்க உதைத்துப் பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் வண்டி எதைக் குடித்து ஓடுகிறது, எதைக் குடித்து நிற்கிறது என்பது ஓட்டுகிறவனுக்கே தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் செம்மங்காட்டூரில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பாடுபடாத ஆம்பளை கிடையாது. எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய யெஸ்டி பைக் இருந்தது. உதைக்கிற கம்பியையே மடக்கி முன்னால் தள்ளினால் அதுவே கியர் கம்பியாகிவிடும். படபடவென்று அது ஓடை தாண்டும்போதே எனக்குக் கேட்டுவிடும், அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவேன். அதன் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தே என் பாதி ஆயுசு போனது, கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மேடு வந்தால் "சித்தெ எறங்கிக்க" என்பார், நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிடுவார், அப்போது காற்றும் செயின் ஓடுகிற சத்தமும் மட்டும் கேட்க ஊர் வரைக்கும் வழுக்கிக்கொண்டே வருவோம், அந்த ஒரு சுகத்துக்காக அந்த மனுசனை எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறேன். சந்தையில் எவனாவது துண்டை விரித்துப் பேசினால் போதும். அவன் பேச்சை நம்பி டேங்கில் அந்துருண்டை போட்டார், பெட்ரோல் பைப்பில் காந்தம் கட்டினார், கார்புரேட்டர் வாயில் விசிறி மாதிரி ஒரு தகட்டைச் செருகினார், மண்ணெண்ணெய் கலந்து தெருவுக்கே புகை போட்டார், கடைசியில் நடுவழியில் நின்றுபோன வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்து, டேங்க் மூடியைத் திறந்து வாயை வைத்து ஊதி, மூலையில் கிடந்த நாலு சொட்டை இறக்கி வீடு வந்து சேர்ந்துவிட்டு, "பாத்தியா, மைலேஜ் கூடியிருக்குது" என்பார்.

அப்படிப்பட்ட ஊரில்தான் அது நடந்தது.

எங்கள் ஊருக்கும் தாலூக்கா ஆபீசுக்கும் நடுவில் ரோடு ஒரு பாறைமேட்டைச் சுற்றி வளைகிறது. அந்த மேட்டைத் தெய்வசிகாமணி என்பவர் குவாரிக்கு எடுத்து வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். வெடிக்கு முன்னால் சங்கு ஊத வேண்டும், வளைவில் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நின்று ரோட்டை மறிக்க வேண்டும், கொடி இறங்கின பிறகுதான் ஆள் நடமாட வேண்டும் என்பது சட்டம். ஓர் ஆடி மாசத்து உச்சிப்பொழுதில் சங்கும் ஊதவில்லை, கொடியும் நிற்கவில்லை. சந்தைக்குப் போய்விட்டு தன் ராஜ்தூத் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்த சென்னியப்பன் மேல் தேங்காய் அளவு கல் ஒன்று வானத்திலிருந்து வந்து விழுந்தது. சுற்றுக் காடுகளில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் மூச்சு நின்ற பிறகும் ரோட்டில் சாய்ந்து கிடந்த ராஜ்தூத் ஓடிக்கொண்டே இருந்தது, யாருக்கும் அதை அணைக்கக் கை வரவில்லை. அவன் பெண்டாட்டி வேலாத்தாள் ஓடி வந்துதான் சாவியைத் திருகினாள்.

அன்றைக்கு ஊருக்கு வந்த கோபம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வேலமுள்ளை வெட்டிப் போட்டு ரோட்டை மறித்தார்கள். லாரிகள் கண்ணுக்கெட்டின தூரம் நின்றன. தாலூக்கா ஆபீசர் வந்து கும்பிட்டு, குவாரி லைசென்ஸ் பங்குனியோடு முடிகிறது, புதுப்பிக்குமுன் உங்களை எல்லாம் கூப்பிட்டு விசாரிப்பேன், கண்ணால் பார்த்தவர்கள் வந்து சங்கு ஊதவில்லை என்று சொல்லிவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்று வாக்குக் கொடுத்தார். முள்ளை எடுத்தோம். வேலாத்தாள் அந்த வாக்கை மடியில் முடிந்துகொண்டு பங்குனிக்காகக் காத்து உட்கார்ந்தாள்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு எல்லா வண்டிகளையும் ஓடையில் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, மாரியம்மன் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். அந்த வரிசைக்கு முன்னால் தெய்வசிகாமணி வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். கூடவே சந்தன நிறச் சட்டை போட்ட ஒரு வெளியூர்க்காரன், கையில் ஒரு பெட்டி. பெட்டி நிறைய கட்டைவிரல் நீளத்தில் செம்புக் கம்பி சுற்றின சுருள்கள். பேர் சிக்கனச் சுருள். பெட்ரோல் பைப்பில் மாட்டி, அதன் ஒயரை ஹேண்டில்பாரில் சுற்றிவிட்டால் வண்டி பெட்ரோலையே மறந்துவிடும் என்றான். நடந்தது நடந்துபோச்சு, ஊருக்கு நான் செய்கிற ஒரு சின்ன உபகாரம் என்று தெய்வசிகாமணி சொன்னார். அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். இலவசம் என்றதும் எங்கள் ஆம்பளைகள் மாலை போட்ட வண்டிகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய் நீட்டினார்கள். அவர் வந்த ஜீப்பில் மட்டும் அந்தச் சுருள் இல்லை என்பதை அன்றைக்கு நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

வண்டிகள் பெட்ரோலை மறந்துதான் போயின. ஊற்றினது அப்படியே டேங்கில் கிடக்க, வண்டி மட்டும் ஓடியது. ஒரு வாரம் போன பிறகு அதன் சூட்சுமம் தெரிந்தது. பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினவன் வண்டி ஈரோடு வரைக்கும் நிற்காமல் போனது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்த முகமாகக் கிளம்பினவன் வண்டி கோயிலடியிலேயே நின்றது. ஹேண்டில்பாரைப் பிடித்த உள்ளங்கை வழியாக வண்டி கோபத்தைக் குடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தண்ணியில் ஓடும், காற்றில் ஓடும் என்று சந்தையில் சொன்னதையெல்லாம் நம்பினவர்களுக்கு இது ஒரு விசயமா. என்ன கோபத்துக்கு என்ன மைலேஜ் என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கொழுந்தியாள் கல்யாணத்தில் மரியாதை கொடுக்காத கோபம் பக்கத்து ஊர் வரைக்கும் வரும், பங்காளி வரப்பை வெட்டின கோபம் போய்விட்டுத் திரும்பவும் தாங்கும், புதுக் கோபம் குப்பென்று எரிந்து தீரும், பழைய கோபம் டீசல் மாதிரி நின்று எரியும் என்று கண்டுபிடித்தார்கள். டீக்கடைக்காரர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், கேட்டு முகம் சிவந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய் வண்டி ஏறுவார்கள்.

வாய் நீளம் என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்த பழனாத்தாள் வாசலில் காலையில் வண்டிகள் வரிசை கட்டின. "அக்கா, பெருந்துறை போகோணும், ஒரு ரெண்டு வார்த்தை திட்டி உடுங்க" என்று கை கட்டி நிற்பார்கள். அவளும் முறத்தைக் கீழே வைக்காமல், "உன்ற மூஞ்சிக்குப் பெருந்துறை ஒரு கேடா, உங்கப்பன் கடன்காரனுக்குப் பயந்து பரண்மேல படுத்திருந்தவன்தானே" என்று ஊற்றிவிடுவாள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பறப்பான். ஊர்க்கோடியில் இருந்த பெட்ரோல் பங்க் மாசி மாசத்துக்குள் மூடிக் கிடந்தது.

முதலில் எங்களுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். காலையில் எரிந்துகொண்டு போன ஆம்பளைகள் பொழுது சாய மோர் மாதிரி குளிர்ந்து வந்தார்கள். கை ஓங்கினவர்கள் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டார்கள். பின்சீட்டில் உட்காரும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் நாங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்ததே இல்லை. என் கோபம் எனக்கு மிச்சம் இருந்தது, அதனால்தான் கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தது. ரேசன் கடையில் கல்லை அளந்து போட்டார்கள், இவர்கள் சிரித்துக்கொண்டே பையைப் பிடித்தார்கள். டவுன் பஸ் நிற்காமல் போனது, பரவாயில்லை, அடுத்தது வரும் என்றார்கள். குவாரியில் சங்கு ஊதாமலேயே வெடித்தது, எங்கள் சுவர் விரிசல் விட்டது, எங்கள் வீட்டுக்காரர் அந்த விரிசலில் ஊதுபத்தியைச் செருகி வைத்தார்.

ஊரில் குமாரசாமி வாத்தியார் என்று ஒருவர். டிவிஎஸ் ஐம்பது வைத்திருந்தார். எறும்பை மிதித்தால் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள், சொந்தமாக ஒரு கோபமும் கிடையாது. பழனாத்தாள் திட்டினாலும் "உண்மைதானுங்களே" என்பார், வண்டி உறுமாது. அவர் தினமும் காலையில் வேலாத்தாள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்துவார். வேலிக்குள் சாக்கு போர்த்தி நிறுத்தியிருந்த சென்னியப்பனின் ராஜ்தூத்தைப் பார்ப்பார். கண் கலங்கும், முகம் சிவக்கும், வண்டி கிளம்பிவிடும். என் புருசன் மேல் இந்த மனுசனுக்கு இவ்வளவு பாசமா என்று வேலாத்தாள் சொம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுப்பாள். பிறகு இன்னொருவர் வந்து நின்றார். பிறகு நாலு பேர். பிறகு ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் வேலைக்குப் போகுமுன் அந்த வேலியோரம் வரிசையாக நின்று, செத்தவன் வண்டியைப் பார்த்து, சென்னியப்பன் பேரைச் சொல்லி உதைத்துக் கிளம்பினார்கள். அவன் பேருக்கு ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தக் கோபந்தான் எல்லாக் கோபத்தையும்விட நின்று எரிந்தது, திருப்பூர் போய்த் திரும்பி வந்து மறுநாளைக்கும் மீந்தது.

ஒருநாள் என் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் நின்றார். வேலாத்தாள் சொம்போடு வெளியே வந்தவள், உதைக்கிற கம்பியில் காலை வைத்தபடி அவர் வாய்க்குள் தன் புருசன் பேர் முணுமுணுப்பதைக் கேட்டாள், அப்புறம் வாத்தியாரைப் பார்த்தாள், அப்புறம் அந்த வரிசையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங் வாத்தியாரே," என்றாள், "எம் புருசனைப் பாத்து அழறீங்களா, ஊத்திக்கிறீங்களா?"

அவள் சொம்புத் தண்ணியை மண்ணில் கொட்டினாள். அன்றைக்கே ராஜ்தூத்தை உருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய், அவன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கதவைச் சாத்தினாள். ஆனால் அதற்குள் பங்குனி வந்துவிட்டது.

விசாரணைக்குப் போகிற அன்றைக்கு எங்கள் ஆம்பளைகள் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்க்காரனும் செய்யமாட்டான். கோபத்தைக் குடிக்கிற வண்டி என்று தெரியும், போகிறது கோபத்தைக் காட்ட என்றும் தெரியும், ஆனாலும் ஊர்வலமாகப் போனால்தான் கெத்து என்று ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் சிவப்புத் துணி கட்டி, சென்னியப்பன் பேரைக் கோசம் போட்டுக்கொண்டே அத்தனை வண்டியிலும் கிளம்பினார்கள். ஓட்டாதவர்கள்கூட ஆசைக்குப் பாதிவழியில் வாங்கி ஓட்டினார்கள். மிச்சம் மீதி இருந்ததும் அந்த ரோட்டிலேயே எரிந்தது. நானும் வேலாத்தாளும் பழனாத்தாளும் மற்ற பொம்பளைகளும் டவுன் பஸ்ஸில் போய் இறங்கியபோது, தாலூக்கா ஆபீஸ் வேப்பமரத்தடியில் அவர்கள் தெய்வசிகாமணி வாங்கிக் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கள் வீட்டுக்காரர் தோளில் கை போட்டிருந்தார்.

உள்ளே ஆபீசர் ஒவ்வொருவராகக் கேட்டார். வாத்தியார் சொன்னார், சங்கு ஊதியிருக்கலாமுங்க, எங்க காதுல விழாமப் போயிருக்கலாம். அடுத்தவர், வெயில் நேரம், சரியாகப் பார்க்கவில்லை என்றார். வேலாத்தாள் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று, நீங்க பார்த்தீங்கதானே மாமா என்று கேட்டாள்.

"பாத்தேன் அம்மிணி," என்றார் அவர், பிள்ளையைச் சமாதானம் பண்ணுகிற குரலில். "ஆனா இனிமே அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது. போனவன் வருவானா?"

நாற்பது வருசம் அந்த மனுசன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முதுகில் ஓங்கி ஒரு அறை வைக்க வேண்டும் போல இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று முன்னால் போனேன், நீங்க கண்ணால பார்த்தீங்களா என்று ஆபீசர் கேட்டார், நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன். பொம்பளைகள் எல்லாருமே வீட்டில் இருந்தோம். பார்த்தவர்கள் சொன்னால்தான் எழுத முடியும், ஆபீஸ் மூடுகிற வரைக்கும் இருப்பேன், அதற்குள் யாராவது சொல்வதென்றால் வாருங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன் என்றார் அவர்.

வெளியே ஒரு வண்டியும் கிளம்பவில்லை. உதைத்தார்கள், தள்ளினார்கள், சாய்த்துப் படுக்கவைத்து ஊதினார்கள். பிறகு எங்களிடமே வந்து நின்றார்கள். வெட்கமில்லாமல், சிரித்துக்கொண்டே, ஊர் போய்ச் சேர ரெண்டு வார்த்தை திட்டி விடச் சொல்லிக் கேட்டார்கள். பழனாத்தாள் இடுப்பில் கை வைத்து மூச்சை இழுத்தாள். வேலாத்தாள் எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"ஒரு வார்த்தை குடுக்காதீங்க," என்றாள். "தள்ளிக்கிட்டே வரட்டும்."

நாங்கள் முன்னால் நடந்தோம், அவர்கள் பின்னால் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பங்குனி வெயிலில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. எனக்கு வாய் கொள்ளாத வசவு இருந்தது, பழனாத்தாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நடந்தாள், ஆனால் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்தியும் பேசவில்லை, யெஸ்டியும் டிவிஎஸ் ஐம்பதும் புல்லட்டும் செத்த எருமைகள் மாதிரி எங்கள் பின்னால் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தன. பாறைமேட்டு வளைவுக்கு வந்தோம். மேலே குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றின லாரிகள் வரிசையாக இறங்கின. வேலாத்தாள் என் வீட்டுக்காரர் ஹேண்டில்பாரில் கட்டியிருந்த சிவப்புத் துணியை உருவினாள். அன்றைக்குக் கொடிக்காரன் நின்றிருக்க வேண்டிய இடத்தில், ரோட்டுக்கு நடுவில், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் லாரி பிரேக் அடித்து நின்றது. வண்டிகளை இங்கேயே குறுக்கே நிறுத்தச் சொன்னாள். மறுக்கவும் அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை, நிறுத்தினார்கள். ஹாரன் அடித்தார்கள், லாரிகள் மேடு வரைக்கும் தேங்கின, கடைசியில் தெய்வசிகாமணி ஜீப்பில் வந்து இறங்கினார். சிரித்துக்கொண்டேதான் வந்தார், வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"ஸ்டார்ட் ஆகலீங்க," என்றார் வாத்தியார்.

தெய்வசிகாமணி மறுபடி சொன்னார், மறுபடி அதே பதில். வேலாத்தாள் கொடியை இறக்கவில்லை. அவர் ஜீப்பில்தான் சுருள் இல்லையே, அவருக்கு ஏற வேண்டியது ஏறியது.

"ஒரு ஓட்ட ராஜ்தூத்துக்காரன் செத்ததுக்கு எத்தனை மாசந்தாண்டா ரோட்டை மறிப்பீங்க? சங்கு ஊதி வரவேத்துக் கூட்டீட்டுப் போறதுக்கு அவன் என்ன கலெக்டரா? ஊதலை. என்னடா பண்ணுவீங்க?"

வாத்தியாரின் கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது. உதைக்காமலே, சாவி போடாமலே அவருடைய டிவிஎஸ் ஐம்பது ஒரு செருமல் செருமி ஓட ஆரம்பித்தது. அடுத்து எங்கள் யெஸ்டி. அடுத்து புல்லட். பகல் வெளிச்சத்தில் முகப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, அந்த வளைவு முழுக்க வண்டிகள் நின்ற இடத்திலேயே உறுமின, குவாரிப் பாறை அதிர்ந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டன, தெய்வசிகாமணி ஜீப்பை நோக்கி இரண்டடி பின்வாங்கினார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஆடி மாசத்து முகம் திரும்ப வந்திருந்தது. அவர் காலைத் தூக்கி வண்டி மேல் ஏறப் போனார்.

"கைய எடுங்க," என்றாள் வேலாத்தாள்.

அவருக்குப் புரியவில்லை.

"ஹேண்டில்பாருல இருந்து கைய எடுங்க மாமா. எல்லாரும் எடுங்க. இதுல ஒரு சொட்டு அதுக்கு எறங்கக் கூடாது."

முதலில் வாத்தியார் எடுத்தார். அவர் வண்டி அடங்கியது. ஒவ்வொருவராக எடுத்தார்கள், ஒவ்வொன்றாக அடங்கின, கடைசியில் லாரிகளும் அணைந்து, அந்த ரோட்டில் காற்று மட்டும் கேட்டது. வேலாத்தாள் கொடியோடு திரும்பி, வந்த வழியிலேயே நடந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ஆபீஸ் மூட நேரம் அதிகமில்லை. அவர்கள் வண்டிகளை அப்படியே குறுக்கே விட்டுவிட்டு, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவர்கள் மாதிரி இரண்டு கைகளையும் எதன் மேலும் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் பின்னால் நடந்தார்கள். யாராவது தடுக்கி விழப் போனாலும் நாங்கள் முழங்கையைத்தான் பிடித்தோம். வழியில் ஒரு வேன்காரன் ஏறிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டான், ஒருவரும் ஏறவில்லை. பழனாத்தாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, "நட, நட, சிந்தாம நட" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆபீசர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். படியில் ஏறினது வாத்தியார்தான். எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற அந்த மனுசன், வாழ்நாளில் ஒருதரமும் உயர்த்தாத குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, "சங்கு ஊதலை" என்றார். வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. அவருக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள், பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். எட்டு மாசத்துக்கு முன்னால் ஊதியிருக்க வேண்டிய சங்கு, அன்றைக்குப் பொழுது இறங்குகிற நேரத்தில் அந்தப் படியில் நின்று ஊதியது. வேலாத்தாள் கொடியை அப்போதுதான் இறக்கினாள்.

குவாரிக்கு அந்தக் கையெழுத்து விழவில்லை. வண்டிகள் இன்னும் அந்த வளைவில்தான், பஸ் போக ஓரமாக ஒதுக்கித் தள்ளினபடியே கிடக்கின்றன, ஆரக்கம்பிகளுக்குள் எருக்கு முளைத்துவிட்டது, எடுத்துவர யாரும் போகவில்லை. நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறோம், நிற்காமல் போனால் அடுத்த தடவை மறித்து நிறுத்துகிறோம். போன ஆயுத பூஜைக்குக்கூட ஒரு சந்தன நிறச் சட்டைக்காரன் பெட்டியோடு வந்தான், எல்லாம் இலவசம் என்றான். வேலாத்தாள் அவனை உட்காரச் சொல்லவில்லை, தண்ணி வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அவன் வந்த வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்து, குனிந்து, பெட்ரோல் பைப்பைத்தான் பார்த்தாள்.